செவிலி சொல்லும் செய்தி: பன்னாட்டுத் தத்தெடுப்பு எடுத்துரைப்புகளில் முதற்சந்திப்பு

பன்னாட்டுத் தத்தெடுப்பை மையப்பொருளாகக் கொண்ட தன்வரலாறுகளும் ஆவணப்படங்களும் கதைப்படங்களும் கடந்த கால் நூற்றாண்டில் தனி வகைமை எனக் கருதத்தக்க அளவிற்குப் பெருகியுள்ளன. இவ்வகைமையின் உயிர்நிலையாக அமைவது முதற்சந்திப்புக் காட்சியாகும். பல மாதங்கள் புகைப்படத்தில் மட்டுமே கண்ட குழந்தையை வளர்ப்புப் பெற்றோர் நேரில் காண்கின்றனர். இடம் பெரும்பாலும் விமான நிலையம். ஒரு பக்கம் காத்திருந்து கனிந்த அன்பு. மறுபக்கம் மொழி தெரியாத, பயணக் களைப்பு நீங்காத ஒரு குழந்தை. இக்காட்சியைப் பிறப்புக்கு நிகரானதாக எடுத்துரைப்பதே இவ்வகைமையின் பொது மரபு. அம்மரபு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதைத் தமிழ் அகமரபின் நற்றாய், செவிலி என்னும் கருத்தாக்கங்களின் துணைகொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். சரூ பிரையர்லியின் 'எ லாங் வே ஹோம்' (2013) என்னும் தன்வரலாறு, அதனைத் தழுவிக் கார்த் டேவிஸ் இயக்கிய 'லயன்' (2016) திரைப்படம், டீயான் போர்ஷே லீமின் 'ஃபர்ஸ்ட் பெர்சன் ப்ளூரல்' (2000) ஆவணப்படம், மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) ஆகிய நான்கும் இங்கு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இரு தாயர்

தமிழ் அகமரபு தாய் என்னும் நிலையை இரண்டாகப் பகுத்துக் காண்கிறது. ஈன்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலி. தொல்காப்பியம் அகத்திணையியலில் நற்றாய்க்கும், களவியல், கற்பியல் ஆகியவற்றில் செவிலிக்கும் கூற்று நிகழ்த்தும் உரிமையை வரையறுக்கிறது. தலைவியின் மனத்தை அறிந்து ஒழுகுபவள் என்ற நிலையில், தாய் எனச் சிறப்பித்துச் சொல்லத்தக்கவள் செவிலியே என்றும் அது கூறுகிறது. ஈன்றவள் இருக்க வளர்த்தவளுக்கு இச்சிறப்பை அளித்தது நோக்கத்தக்கது. எனினும் இச்சிறப்பு நற்றாயின் குரலை இல்லாமல் ஆக்கவில்லை. உடன்போக்கில் மகள் சென்றபின் இருவருமே இரங்குகின்றனர். ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில் 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' எனத் தனிப் பத்து ஒன்று அமைந்திருப்பது இவ்விரக்கம் பெற்றிருந்த இலக்கியத் தகுதியைக் காட்டும்.

இங்குக் கருதவேண்டிய மற்றொரு துறையும் உண்டு. மணந்து தனிமனை புகுந்த தலைவியின் இல்லத்திற்குச் செவிலி சென்று அவள் வாழும் முறையைக் கண்டு திரும்பி நற்றாய்க்கு உரைப்பதாகப் பாடல்கள் அமைகின்றன. குறுந்தொகை 167ஆம் பாடல் இத்துறைக்குத் தலைசிறந்த சான்று. தலைவி தானே சமைத்ததையும், தலைவன் அதனை விரும்பி உண்டதையும், அவள் முகத்தில் நுண்ணிதாகத் தோன்றிய மகிழ்ச்சியையும் செவிலி கண்டுவந்து சொல்கிறாள். ஐங்குறுநூற்று முல்லையில் 'செவிலி கூற்றுப் பத்து' முழுமையும் இவ்வகையினதே. அதாவது, மகளின் நலம்பற்றி நற்றாய்க்குச் செய்தி சொல்லும் கடமை செவிலிக்கு உண்டு. வளர்த்தவள் ஈன்றவளுக்கு விடைசொல்லக் கடமைப்பட்டவள் என்பது இத்துறையின் அடிப்படை அறம் எனலாம்.

பக்தி இலக்கியத்திலும் இச்சமநிலை தொடர்கிறது. பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று கண்ணனின் பிள்ளைமையைப் பாடுகிறார். குலசேகராழ்வாரோ பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தேவகியின் நிலையில் நின்று, தான் காணப்பெறாத மகனின் பிள்ளைமையை எண்ணிப் புலம்புகிறார். யசோதை பெற்ற பேறு அனைத்தும் தேவகி இழந்த பேறாக அங்கு எண்ணப்படுகிறது. ஒரே குழந்தைமையை ஒருத்தியின் பேறாகவும் மற்றொருத்தியின் இழப்பாகவும் ஒருசேர நோக்கும் இப்பார்வையே முதற்சந்திப்புக் காட்சிகளை மதிப்பிட ஏற்ற அளவுகோலாகும்.

இவ்வொப்பீட்டின் எல்லையையும் சுட்டவேண்டும். சங்கப் பாடல்களில் செவிலி நற்றாயின் மனையில் வாழ்பவள். செல்வமும் அதிகாரமும் நற்றாயிடமே உள்ளன. பன்னாட்டுத் தத்தெடுப்பில் இவ்வுறவு தலைகீழாகிறது. வளர்ப்பவர் வளமான நாட்டினர். ஈன்றவர் பெரும்பாலும் வறியவர், பெயர் தெரியாதவர், எட்ட முடியாதவர். கடமை அதே கடமையாக இருக்க, அதனைக் கேட்டுப் பெறும் வலிமை மட்டும் நற்றாயிடமிருந்து நீங்கிவிடுகிறது. இதனை மனங்கொண்டே மேலே செல்லவேண்டும்.

வரலாற்றுப் பின்புலம்

கொரியப் போருக்குப் பின் 1955இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி ஹோல்ட், பெர்த்தா ஹோல்ட் இணையர் எட்டுக் கொரியக் குழந்தைகளைத் தத்தெடுத்தனர். பன்னாட்டுத் தத்தெடுப்பு ஒரு நிறுவனச் செயற்பாடாக வளர்ந்ததற்கு இது தொடக்கங்களுள் ஒன்றாயிற்று. அடுத்த பல பத்தாண்டுகளில் தென்கொரியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ 2 இலட்சம் குழந்தைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டனர்.

இந்தியாவில் வழக்கறிஞர் லட்சுமிகாந்த் பாண்டே எழுதிய மடல் பொதுநல வழக்காக ஏற்கப்பட்டு, 1984இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு வெளிநாட்டினர் தத்தெடுப்புக்கு நெறிமுறைகளை வகுத்தது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய அத்தீர்ப்பு, ஏற்பளிக்கப்பட்ட முகமையின் வழியாகவே விண்ணப்பம் வரவேண்டும் என்றும், வளர்க்க விரும்பும் குடும்பத்தைப் பற்றியும் குழந்தையைப் பற்றியும் ஆய்வறிக்கைகள் வேண்டும் என்றும் வலியுறுத்தியது. 1990இல் மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையம் தோற்றுவிக்கப்பட்டது. 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையை இந்தியா 2003இல் ஏற்றுறுதி செய்தது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் தம் முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத காலம் அளிக்கிறது. குழந்தை வெளிநாடு சென்றபின் முதலாண்டில் காலாண்டுக்கு ஒரு முறையும் இரண்டாமாண்டில் அரையாண்டுக்கு ஒரு முறையும் அதன் நிலைபற்றிய அறிக்கை அனுப்பப்பட வேண்டும் என்பது நடைமுறை விதி.

இவ்வறிக்கையைச் செவிலி கூற்றின் இன்றைய வடிவம் எனக் கொள்ளலாம். ஆனால் அது நற்றாய்க்கு உரைக்கப்படுவதன்று. முகமைக்கும் ஆணையத்திற்கும் அனுப்பப்படுவது. பெற்றவளின் அடையாளத்தைக் காக்கும் நோக்கில் இம்மறைவு தேவையாகலாம். எனினும் கேட்போர் மாறும்போது கூற்றின் இயல்பும் மாறிவிடுகிறது. இலக்கியமும் திரைப்படமும் இவ்விடைவெளியில்தான் தொழிற்படுகின்றன.

சரூவின் கையிலிருந்த சாக்லேட்

மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வா நகரில் கணேஷ் தலாய் என்னும் பகுதியில் வாழ்ந்த ஐந்து வயதுச் சிறுவன், 1986இல் தன் அண்ணனுடன் புர்ஹான்பூர் இரயில் நிலையம் சென்று, ஆளற்ற வண்டியில் உறங்கிப்போய், ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்கத்தாவை அடைகிறான். தெருவிலும் சிறார் இல்லத்திலும் இருந்தபின் ஒரு தத்தெடுப்பு அமைப்பின் பொறுப்பில் சேர்கிறான். 1987இல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்து ஹோபார்ட் நகரைச் சேர்ந்த சூ, ஜான் பிரையர்லி இணையரின் மகனாகிறான். 'எ லாங் வே ஹோம்' இவ்வரலாற்றைக் கூறுகிறது.

இந்நூலில் முதற்சந்திப்பு மெல்போர்ன் விமான நிலையத்தில் நிகழ்கிறது. புறப்படுமுன் சிறுவனுக்கு ஒரு புகைப்படத் தொகுப்பு காட்டப்பட்டிருந்தது. அதில் புதிய தாய், தந்தை, அவர்தம் வீடு ஆகியன இருந்தன. ஆகவே அவன் முகங்களை அறிவான்; மொழியை அறியான். பயணத்தில் தரப்பட்ட சாக்லேட்டைச் சிறிது சிறிதாகத் தின்று, மிஞ்சியதை இறுகப் பற்றியபடி வந்து நிற்கிறான். அவன் அவர்களிடம் உச்சரித்த முதற் சொற்களுள் ஒன்று கேட்பரி என்னும் வணிகப்பெயர். இரு தரப்பாரும் பொதுவாக அறிந்த சொல்லாக அது ஒன்றே அமைந்தது.

இந்நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாக இதனைக் கருத இடமுண்டு. அன்னை என்றோ மகன் என்றோ எச்சொல்லும் அங்கு எழவில்லை. காத்திருந்தோர் தரப்பில் அது ஒரு கனவின் நிறைவு. குழந்தையின் தரப்பில் கையிலிருக்கும் உணவை இழந்துவிடக்கூடாதென்னும் விழிப்பு. தெருவில் பசித்திருந்த சிறுவனின் விழிப்பு விமானம் ஏறியதால் நீங்கிவிடவில்லை என்பதை இச்சிறு செய்தி எவ்வித விளக்கமுமின்றி உணர்த்துகிறது. முதற்சந்திப்பைக் குழந்தையின் கைப்பிடி அளவிலிருந்து காணும் இப்பார்வை இவ்வகைமையில் அரிது.

திரைப்படம் இச்சந்திப்பை ஹோபார்ட்டிற்கு மாற்றி, அதனைத் தாயின் முகத்திலிருந்தே பெரிதும் காண்கிறது. அதனால் இழப்பு நேர்ந்தாலும், தொடரும் குளியல் காட்சியில் ஓர் ஈடு கிடைக்கிறது. மொழி புரியாத சிறுவனிடம், ஒருநாள் நீ யாரென்பதை எல்லாம் எனக்குச் சொல்வாய், நான் கேட்பேன் என்னும் பொருள்படச் சூ பேசுகிறார். பெயரிடுதலும் உரிமை கொள்ளுதலும் எதிர்பார்க்கப்படும் இடத்தில், கேட்பதாக வாக்களிக்கும் ஒரு தாய் தோன்றுகிறாள். இது வெறும் திரைக்கதைப் புனைவன்று என்பதற்கு நூலில் சான்று உண்டு. சிறுவன் ஆங்கிலம் கற்று நினைவுகளைச் சொல்லத் தொடங்கியபோது சூ அவற்றைக் குறித்துவைத்ததையும், அவன் வாழ்ந்த இடத்தின் வரைபடம் ஒன்று தாளில் எழுதப்பட்டதையும் நூல் பதிவுசெய்கிறது. அவன் படுக்கையறைச் சுவரில் இந்தியாவின் நிலப்படம் தொங்கியது. நற்றாயிடம் செல்லும் வழியைச் செவிலியே காத்துவைத்தாள் என்று இதனைக் கூறலாம்.

பெயரும் ஒலியும்

மீட்டுத் தருவோர் எவரும் இல்லாமற் போனதற்குக் காரணம் ஒலித்திரிபாகும். சிறுவன் தன் ஊரைக் 'கினெஸ்ட்லே' என்றும், இரயில் நிலையத்தைப் 'பெராம்பூர்' என்றும் கூறினான். கல்கத்தா அதிகாரிகளால் இவ்வொலிகளை எவ்வூரோடும் பொருத்த இயலவில்லை. செய்தித்தாளில் படம் வெளியிடப்பட்டும் யாரும் வரவில்லை. தேடிய தாயோ இந்தி வழங்கும் வேறொரு நிலப்பகுதியில் இருந்தார். சட்டம் கோரிய தேடல் நடைபெற்றது. ஆயின் தேடப்பட்ட ஊர் வரைபடத்தில் இல்லாத ஊராயிருந்தது. 2012இல் கண்ட்வா திரும்பிய பின்னரே, தன் பெயர் சரூ அன்று, சிங்கத்தைக் குறிக்கும் 'ஷேரு' என்பதை அவர் அறிகிறார். திரைப்படத்தின் தலைப்பு இங்கிருந்தே பிறந்தது.

இச்செய்தி நூலின் இறுதியில் ஒரு வியப்பாக மட்டும் வைக்கப்பட்டிருப்பது குறையாகும். தன் பெயரையே பிழையாகச் சொன்ன ஒரு மழலை, அப்பிழையின் மீதே கால் நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறது. கடவுச்சீட்டும் நீதிமன்ற ஆணையும் அப்பிழையை மெய்யாக்கின. ஆவணம் என்பது சொல்லப்பட்டதன் பதிவேயன்றி உண்மையின் பதிவன்று என்னும் கேள்வியை நூல் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அக்கேள்வியை முழுமையாக எழுப்புவது டீயான் போர்ஷே லீமின் ஆவணப்படமாகும். 1966இல் எட்டு வயதில் கொரியாவிலிருந்து கலிஃபோர்னியா வந்தவர் அவர். வளர்ப்புக் குடும்பம் நிதியுதவி அளித்துத் தத்தெடுக்க விரும்பிய குழந்தை சா ஜங் ஹீ. அக்குழந்தையை அதன் தந்தை மீட்டுச் சென்றுவிடவே, இல்லத்தார் காங் ஓக் ஜின் என்னும் வேறொரு சிறுமியை அதே பெயரில் அனுப்பினர். உண்மையைச் சொல்லக் கூடாதெனவும் சிறுமி எச்சரிக்கப்பட்டாள். விமான நிலையத்தில் குடும்பத்தினர் முதலில் வேறொரு குழந்தையை நெருங்கிவிட்டதை அக்குடும்பத்தின் மகள் படத்தில் சிரித்தபடி நினைவுகூர்கிறார். யாராயினும் ஒருத்தி நம்முடையவள்தானே என்பது அவர் கூற்றின் சாரம்.

தந்தை எடுத்த வீட்டுப் படச்சுருளில் அம்முதற்சந்திப்பு பதிவாகியுள்ளது. அதே படச்சுருளை இயக்குநர் மீண்டும் மீண்டும் காட்டுகிறார். முதன்முறை காண்போர்க்கு அது வரவேற்பு. பெயர் மாற்றம் தெரிந்தபின் காண்போர்க்கு, வேறொருத்தியாக நடிக்கத் தொடங்கும் ஒரு சிறுமியின் முகம். காட்சி மாறவில்லை, காண்போரின் அறிவு மாறுகிறது. குடும்பத்தாரின் அன்பு பொய்யன்று. அவ்வன்பு சென்று சேர்ந்த பெயரே பொய். இவ்விரண்டையும் ஒன்றையொன்று அழிக்காமல் நிறுத்தியதே இப்படத்தின் பெருமை. தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2025 மார்ச்சில், வெளிநாட்டுத் தத்தெடுப்புகளில் ஆவணங்கள் திரிக்கப்பட்டதையும் குழந்தைகளின் உரிமைகள் மீறப்பட்டதையும் அரசின் பொறுப்பாக ஏற்றுரைத்தது. கால் நூற்றாண்டுக்கு முன் ஒரு தனிமனிதரின் கலைப்படைப்பு எழுப்பிய வழக்கிற்கு வரலாறு அளித்த சான்றாக இது அமைகிறது.

இரண்டாம் சந்திப்பு

'லயன்' படத்தின் குறிப்பிடத்தக்க வலிமை, திறனாய்வாளர் பலரின் கவனம் பெறாத ஒரு காட்சியில் உள்ளது. பிரையர்லி இணையர் இந்தியாவிலிருந்து இரண்டாவதாக ஒரு சிறுவனையும் தத்தெடுக்கின்றனர். அவன் வந்த நாளிலேயே அலறித் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறான். பெற்றோர் அதே பெற்றோர், காத்திருப்பும் அதே காத்திருப்பு, விளைவு வேறு. முதற்சந்திப்பு இனிதாக அமைவது வளர்ப்போரின் அன்பால் மட்டும் தீர்மானிக்கப்படுவதன்று, குழந்தை சுமந்துவரும் கடந்தகாலத்தாலும் தீர்மானிக்கப்படுகிறது என்பதை இவ்விணைக்காட்சி நிறுவுகிறது. பிற்பகுதியில், தம்மால் பிள்ளை பெற இயன்றும் தத்தெடுப்பையே தேர்ந்ததாகச் சூ வளர்ந்த சரூவிடம் கூறுகிறார். துயருறும் குழந்தைகளைக் காக்கும் எண்ணமே அத்தேர்வின் அடிப்படை. இவ்வெண்ணத்தில் மீட்பர் மனப்பான்மை கலந்திருப்பதாகக் குறை கூறலாம். ஆனால் இரண்டாம் சிறுவனின் காட்சியை முன்வைத்ததன் மூலம், மீட்பு என்னும் சொல் எளிதாகப் பொருந்தாத இடத்தையும் படமே காட்டிவிடுகிறது. ஆகவே இப்படத்தை மீட்பர் கதை என ஒதுக்குவது முழுமையான மதிப்பீடாகாது.

நற்றாயின் முன்

'கன்னத்தில் முத்தமிட்டால்' இவ்வகைமையில் முழுமையாக அடங்குவதன்று. அமுதா இராமேசுவரத்து ஏதிலியர் முகாமில் பிறந்து அங்கேயே விடப்பட்டவள்; நாடுகடந்தவள் அவளைப் பெற்ற ஷ்யாமாவே. எனினும் எல்லையால் பிரிக்கப்பட்ட இரு தாயர் என்னும் அமைப்பு இங்கும் உண்டு. தத்தெடுப்பதற்காகவே திருச்செல்வனும் இந்திராவும் மணம் புரிகின்றனர் என்பதால், குழந்தையே பெற்றோரை உருவாக்குகிறது. ஒன்பதாம் பிறந்தநாளில் உண்மை அறிந்த அமுதா ஈன்றவளைக் காண விழைகிறாள். வளர்ப்புப் பெற்றோர் அவளைப் போர் நடக்கும் நிலத்திற்கு அழைத்துச் செல்கின்றனர்.

இங்கு முதற்சந்திப்பு இடம் மாறிவிடுகிறது. குழந்தை சந்திப்பது வளர்ப்போரையன்று, ஈன்றவளை. சொற்களும் குழந்தையிடமே உள்ளன; அவள் வினாக்களோடு வந்திருக்கிறாள். ஒரே மொழி பேசுவோராயினும் ஷ்யாமாவிடம் விடை இல்லை. சரூவின் சந்திப்பில் மொழி இல்லாமை தடையாயிற்று. அமுதாவின் சந்திப்பில் மொழி இருந்தும் பயனில்லை. ஷ்யாமாவுக்குக் கூற்று நிகழ்த்தும் இடம் மிகக் குறைவாகவே தரப்பட்டுள்ளது என்பது இப்படத்தின் குறை. அவள் தன் போராட்டத்தின் குரலாகப் பேசும் அளவிற்குத் தாயாகப் பேசவில்லை. குலசேகரர் தேவகிக்கு அளித்த இடத்தை இங்குத் திரைக்கதை அளிக்கத் தவறிவிடுகிறது. ஆயினும் வளர்த்தவள் தானே குழந்தையை அழைத்துச் சென்று ஈன்றவள் முன் நிறுத்தும் செயல், செவிலிக் கடமையின் மிக உயர்ந்த வடிவமாக விளங்குகிறது.

பிற இரு படங்களும் இதே இடத்தை வந்தடைவது தற்செயலன்று. லீம் தம் அமெரிக்கப் பெற்றோரைக் கொரியாவுக்கு அழைத்துச் சென்று, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் இரு குடும்பத்தாரையும் ஒரே அறையில் அமரச் செய்கிறார். 'லயன்' படத்தின் முடிவில், கண்ட்வாவில் சூவும் சரூவின் ஈன்ற தாயும் தழுவிக்கொள்ளும் உண்மைப் பதிவு காட்டப்படுகிறது. கட்டுமானப் பணியில் கல் சுமந்து பிள்ளைகளை வளர்த்த அத்தாய், மகன் திரும்பிவரக்கூடும் என்னும் நம்பிக்கையால் அப்பகுதியை விட்டு நீங்காமல் இருந்தார் என்பதை நூல் கூறுகிறது. பிறர் தேடிச் செல்லத் தான் இருந்த இடத்திலேயே இருந்தமையும் ஒரு தேடலாகும். முல்லையின் இருத்தல் என்னும் உரிப்பொருளைத் தாயன்புக்கும் விரித்துக் காண இடந்தரும் நிகழ்ச்சி இது.

முடிவுரை

முதற்சந்திப்புக் காட்சி தன்னளவில் நிறைவுறுவதன்று என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது. விமான நிலையத்தில் தொடங்கும் எடுத்துரைப்பு நற்றாய் முன் சென்று நின்றால்தான் முற்றுப்பெறுகிறது. அவ்வாறு நில்லாத படைப்புகள் யசோதையின் பேற்றை மட்டும் பாடி, தேவகியின் இழப்பை மறப்பனவாகின்றன. ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவற்றுள் குழந்தையின் பார்வையைக் காத்தமையில் சரூவின் நூலும், ஆவணத்தை வினாவுக்கு உட்படுத்தியமையில் லீமின் படமும், கடமையைக் காட்சிப்படுத்தியமையில் மணிரத்னத்தின் படமும் சிறக்கின்றன. நான்கிலும் நற்றாயின் கூற்று பிறர் வாய்வழியாகவோ சில நொடிக் காட்சியாகவோதான் கிடைக்கிறது. அவள் தானே எழுதிய நூல் இவ்வகைமையில் அரிதாக இருப்பதே இதன் பெருங்குறை.

2024இல் சீனா வெளிநாட்டுத் தத்தெடுப்பைப் பெரும்பாலும் நிறுத்திக்கொண்டது. முன்னரே சென்ற குழந்தைகள் இன்று வளர்ந்தோராகித் தம் கோப்புகளைக் கேட்டு வருகின்றனர். அவர்கள் எழுதப்போகும் நூல்களை மதிப்பிடத் திறனாய்வுக்கு ஓர் அளவுகோல் தேவை. வளர்த்தவள் கண்டதை ஈன்றவளுக்குச் சென்று சொல்லவேண்டும் என்னும் குறுந்தொகைக் காலத்து எளிய கடமை அதற்குப் போதுமானது.